இடது மூலையில் நின்றவன்

பந்து அவன் இரண்டு கால்களுக்கும் நடுவே உருண்டு போனது. இடது மூலையில் நின்ற அந்த ஆள் அதை நிதானமாகக் குனிந்து பார்த்தான், தெரிந்தவர் வீட்டுக் கோழி போவதைப் பார்ப்பது போல.

அப்புறம் ஒரு குதிகாலைப் பின்னால் தூக்கினான். கையைக் கீழே விட்டு, இல்லாத எதையோ பிடித்து இடுப்பில் செருகினான். பக்கத்தில் நின்றவனைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி ஏசினான். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பந்துக்குப் பின்னால் போனான். அதுவும் நடந்து.

"இவன டீம்ல எடுத்தவன மொதல்ல அடிக்கணும்," என்றேன்.

என் மருமகன் ஸ்ரீஜித் கம்ப்யூட்டரில் ஆட்டத்தை நிறுத்தினான். அமெரிக்காக்காரர்கள் ஆடும் பேஸ்பாலை வைத்து அவன் செய்துகொண்டிருக்கிற வீடியோ கேம் அது. இறுக்கமான கால்சட்டை, தொப்பி, ஒரு கையில் தோசைச்சட்டி அளவுக்கு உறை, எல்லாம் கச்சிதம். இடது மூலையில் நிற்பவனுக்கு மட்டும்தான் கிறுக்கு.

"சென்னையில எனக்க மேடமும் அதத்தான் சொல்லுதாங்க மாமா. மனுசன் இப்பிடி செய்யவே மாட்டான்னு. இன்னைக்கு அவங்கள நம்ப வைக்கல்லேன்னா எனக்க வேலை போயிரும்."

"இவன அழிச்சுட்டு வேற ஒருத்தன வரைஞ்சு விடு மக்கா."

"நானா வரையப்பிடாது மாமா. நெசமா ஆடுனவங்க அசைவத்தான் அப்பிடியே எடுத்துப் போடணும். வரைஞ்சா கள்ளத்தனம்னு சொல்லிருவாங்க."

இதற்காகத்தான் என்னை வடசேரியில் பஸ் ஏறவைத்துப் புதுக்கடைக்கு வரவழைத்திருந்தான். 'நீங்க இல்லாம இது நடக்காது மாமா' என்று போனில் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. பந்து விஷயத்தில் இந்த ஜில்லாவில் வேறு யாரைக் கேட்பான்?

ஒரு காலத்தில் நான் பிடித்த ஒரு கேட்சைப் பார்த்து, அடித்தவன் மட்டையோடு கிரிக்கெட்டையும் கீழே போட்டுவிட்டு வடசேரிச் சந்தையில் வெங்காயக்கடை வைத்தான். இன்றும் என்னைக் கண்டால் அவன் தராசு நடுங்கும்.

போன பொங்கல் போட்டியில்கூட, கல்யாணம் ஆனவர்கள் டீமுக்கு நான்தான் தூண். அறுத்த வயலைச் சுற்றியிருந்த தென்னைகளில் செல்போன்களைக் கட்டிவைத்து ஸ்ரீஜித் ஆட்டம் முழுவதையும் படம் பிடித்தான். மாமனார் ஆடுவதை வேறு எந்த மருமகன் இப்படி ரசித்திருக்கிறான்? நாங்கள் தோற்றதற்குக் காரணம் வயல்.

என் மகள் ரேஷ்மி சாயா கொண்டுவந்து வைத்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பாக்கு இந்த ஆளப் பாத்தா ஒண்ணும் தோணல்லியா?"

"தோணுகு. கண் டாக்டர்ட்ட காட்டணும்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

நாலு மணிக்கு லேப்டாப்பில் மேடம் வந்தார். பெயர் நந்தனா. சிரித்துப் பழக்கம் இல்லாத முகம்.

"ஸ்ரீஜித், உலகத்துல எந்த மனுஷனும் இப்படி ஃபீல்டிங் பண்ண மாட்டான். ஒண்ணு, இது கம்ப்யூட்டர் கோளாறு. இல்லேன்னா நீங்களா கிறுக்கி வச்சது. எதுன்னு சொல்லுங்க."

நான் நடுவில் தலையை நீட்டினேன். "அம்மா சொல்லது நூத்துக்கு நூறு சரி. புத்தியுள்ள மனுசன் செய்யக்கூடிய வேலையா இது?"

ஸ்ரீஜித் அவசரமாக என்னை விலக்கினான். "ஒரு நிமிசம் மேடம்," என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய், ஸ்கூட்டர் சீட்டில் வைத்தான். "மாமா, பந்த எப்பிடிப் பிடிக்கணும்னு மேடத்துக்கு ஒருக்கா காட்டுங்க."

நான் முருங்கைக்கு முன்னால் போய் நின்றேன். ரேஷ்மி எதிரே நின்று டென்னிஸ் பந்தை மெதுவாக உருட்டிவிட்டாள்.

பந்து ஒழுங்காகத்தான் வந்தது. கடைசி நேரத்தில் அதற்கு என்மேல் என்ன கோபமோ, கால்களுக்கு நடுவே போய்விட்டது.

தெரிந்த ஆட்டக்காரன் முதலில் பந்து எங்கே போகிறது என்று கவனிப்பான். கவனித்தேன். வேட்டி தடுக்கி விழுந்தால் மரியாதையில்லை. குதிகாலால் அதன் நுனியைத் தட்டி எடுத்து மடித்துக் கட்டினேன்.

அடுத்து, தப்பு யார்மேல் என்று ஊருக்குத் தெரிய வேண்டும் அல்லவா. ரேஷ்மியைப் பார்த்துக் கையை நீட்டினேன். "ஏட்டி, நீ அங்க என்னத்தப் பாத்துட்டு நிக்க? ஓடிவந்து பிடிச்சிருக்கலாம்லா?"

அதற்குள் பந்து முருங்கை மூட்டில் தட்டி நின்றுவிட்டது. நின்றுபோன பந்துக்கு எதற்கு ஓட்டம். நடந்தே போய் எடுத்தேன்.

பாராட்டு வாங்கிக்கொள்ள லேப்டாப் பக்கம் போனேன். எட்டிப் பார்த்தால், மேடம் மேசையில் கவிழ்ந்து குலுங்கிக்கொண்டிருந்தார். நல்ல ஆட்டத்தைக் கண்டால் சிலருக்குக் கண்ணீர் வரும். அவருக்கும் வந்திருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரு ஸ்ரீஜித் இவரு?" என்று கேட்டார்.

நான் தோளை நிமிர்த்தினேன். அதன்மேல் ஸ்ரீஜித் கையைப் போட்டான்.

"மேடம், அது கம்ப்யூட்டர் கோளாறு இல்ல. எங்க மாமா."