அரைப் பாரம்

சூளைக்குச் செங்கல் சுமந்த கழுதைகளுக்கு ஒரு கோவேறு கழுதைதான் மேஸ்திரி. ஒரு நாள் அது எல்லாரையும் கூட்டி, "மனசுல பாரம் இருந்தா எங்கிட்ட சொல்லுங்க. வெளியே ஒரு வார்த்தை போகாது" என்றது.

கூழைவால் கழுதை வாயைத் திறக்கவில்லை. குட்டியைப் பறிகொடுத்த புள்ளிக் கழுதை போய் அழுது தீர்த்தது.

"கொஞ்ச நாளைக்கு அரைப் பாரம் சுமந்தா போதும்மா" என்றது மேஸ்திரி.

"மேஸ்திரி தங்கம், அண்ணே! நீங்களும் சொல்லிடுங்க" என்று கூழைவாலிடம் வந்து சொன்னது புள்ளி.

கூழைவாலுக்கும் ஆசை வந்தது. சூளை நெருப்பைப் பார்த்தாலே உள்ளே நடந்து போய்விடலாம் போலிருப்பதை வேறு யாரிடம்தான் சொல்வது? நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் அடிமாட்டு லாரி வந்தது. எதை ஏற்றலாம் என்று முதலாளி கேட்டார். மேஸ்திரி குட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. "புள்ளி இப்ப அரைப் பாரந்தான் சுமக்குதுங்க" என்று மட்டும் சொன்னது.

லாரி போனதும் அது கூழைவாலிடம் வந்து, "உன் மனசுல ஏதும் இருக்காப்பா?" என்று கனிவாகக் கேட்டது.

"எனக்கென்ன, ஜம்முன்னு இருக்கேன்" என்ற கூழைவால், முழுப் பாரத்தோடு நெருப்பைப் பார்த்து நடந்தது.