மாஸ்டரின் செம்புச் சட்டி

தக்காளி சாஸ் நடுவில் அடிப்பிடித்துவிட்டது. முப்பது வருஷத்தில் முதல் தடவை.

ஹோட்டலின் தலைமைச் சமையல்காரரான மாஸ்டருக்கு மூக்கில் வேர்த்தது. செம்புச் சட்டி அப்படிச் செய்யாதே! சூட்டை ஓரம் வரைக்கும் ஒரே சீராகப் பரப்புமே. அதற்காகத்தானே அந்தக் கனத்தைச் சுமப்பது? ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். புளிப்போடு லேசாக ஒரு உலோக வாடை.

சாஸை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, கத்தி முனையால் அடியில் ஒரு கீறு கீறினார். சிவப்பு தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளை தெரிந்தது.

அலுமினியம். மெல்லிய தகடு, மேலே மட்டும் செம்புப் பூச்சு. பழைய சட்டிக்கும் உள்பக்கம் ஈயம் பூசி வெள்ளையாகத்தான் இருக்கும் என்பதால் கண்ணை ஏமாற்றிவிட்டது.

யார் வேலை என்று யோசிக்கவே வேண்டாம். சட்டியைக் கழுவி, துடைத்து, அடுப்பில் வைப்பவள் ஒருத்திதான். உதவிக்கு வந்த அந்தப் பெண். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசமாட்டாள். 'அமுக்குணி' என்று சமையலறையே அவளுக்குப் பேர் வைத்திருந்தது. மாவு மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு வருபவளுக்கு, ஒரு சட்டியைக் கடத்துவதா பெரிய காரியம்? பழைய சாமான் கடையில் செம்புக்கு இருக்கிற மவுசு யாருக்குத்தான் தெரியாது!

எடையில் எப்படிக் கோட்டை விட்டோம் என்றுதான் மாஸ்டருக்கு ஆத்திரம். அலுமினியம் செம்பில் மூன்றில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. ஆனால் அதற்கு வெளியே சொல்ல முடியாத ஒரு காரணம் இருந்தது. ஆறு மாதமாக அவருக்கு வலது மணிக்கட்டில் உயிர் போகிற வலி. ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு தைலம் தேய்ப்பார். போன மாதத்திலிருந்துதான் சட்டியைச் சுலபமாகத் தூக்க வந்தது. தைலம் வேலை செய்கிறது என்று நம்பி, இன்னும் இரண்டு பாட்டில் வாங்கி வைத்திருந்தார். இந்த ஒரு மாதத்தில் கெட்டியான சாஸ் எதுவும் வைக்காததால் அடியும் பிடிக்கவில்லை.

வலி வெளியே தெரிந்தால் பிழைப்பு போச்சு. சட்டியைத் தூக்க முடியாதவருக்கு அடுப்புப் பக்கம் வேலையில்லை என்பது அந்தச் சமையலறையின் சட்டம். போட்டவரே அவர்தான். போன வருஷம் கை நடுங்கிய ஒரு சமையல்காரரை, அதே சட்டத்தைச் சொல்லி வெங்காயம் உரிக்க உட்கார வைத்தார். மனுஷன் ஒரே வாரத்தில் வேலையை விட்டே போய்விட்டார்.

மாஸ்டர் முதலாளியம்மாவைக் கூப்பிட்டு அலுமினியச் சட்டியைக் காட்டினார். அமுக்குணி சுவரோரம் நின்றாள்.

"செம்பு எங்கே போச்சுன்னு கேளுங்கம்மா. வாயைத் திறந்தா பொய்தான் வரும், பாருங்க."

அவள் ஸ்டோர் ரூமுக்குப் போய், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துவந்து மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். அதே செம்புச் சட்டி, தேய்த்துப் பளபளவென்று இருந்தது.

மாஸ்டருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ விற்பதற்காகத்தான் பதுக்கியிருக்கிறாள் என்றார். அலுமினியச் சட்டி எப்படி வந்தது என்று முதலாளியம்மா கேட்டதற்கு, போன மாதம் அளவு கொடுத்துத் தன் காசில் செய்து வாங்கியதாக அவள் முணுமுணுத்தாள். ஏன் என்று கேட்டதும் பிரித்த துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

"சரி, அதை அப்புறம் விசாரிப்போம்," என்றார் முதலாளியம்மா. "ஆட்கள் வர ஆரம்பிச்சுட்டாங்க. சட்டிதான் கிடைச்சாச்சே, அடுப்பில ஏத்துங்க மாஸ்டர்."

மாஸ்டர் கைப்பிடியைப் பற்றித் தூக்கினார். மணிக்கட்டிலிருந்து தோள்பட்டை வரை சுரீரென்று இழுத்தது. சட்டி மேஜையை விட்டு ஒரு விரல்கூட எழும்பவில்லை. இன்னொரு முறை முயன்றார். நெற்றி வியர்த்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கை குணமாகவே இல்லை; அவள் கனத்தைத்தான் குறைத்திருக்கிறாள்.

முதலாளியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அமுக்குணி குறுக்கே வந்து நின்றாள்.

"இந்தச் சட்டியை என்னாலதாம்மா தூக்க முடியல. சொன்னா அடுப்புப் பக்கத்திலிருந்து அனுப்பிடுவாங்கன்னு பயந்து, மாஸ்டருக்குத் தெரியாம மாத்திட்டேன்."

சொல்லிவிட்டு, ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்தாள். வெங்காயம் உரிக்கிற மேஜையை நோக்கி நடந்தாள்.

மாஸ்டர் முதுகுக்குப் பின்னாலிருந்து வலது கையை வெளியே எடுத்து முதலாளியம்மா முன்னால் நீட்டினார். வீங்கிப்போயிருந்தது.

"அவ பொய் சொல்றாம்மா," என்றார்.