போட்டில் எல்லாம் பொது

மாத்திரைப் பெட்டியைச் சிலுவை அன்றைக்குத்தான் தன் கையால் திறந்தான்.

உள்ளே ஒரே ஒரு அட்டை கிடந்தது.

கரைக்குத் திரும்ப இன்னும் வாரக்கணக்கில் இருந்தது.

பெட்டி எப்போதும் சூசையின் பொறுப்பில்தான் இருக்கும். போட்டை ஓட்டும் ஸ்ராங்கு அவர். சிலுவை காசநோய் மாத்திரை விழுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவரும் அவரே. ஆஸ்பத்திரியில் அப்படிச் சொல்லித்தான் அவனைக் கடலுக்கு விட்டார்கள். இரவெல்லாம் ஓட்டிய அசதியில் சூசை உறங்கிக் கிடந்தார். எழுப்ப வேண்டாமே என்று சிலுவை தானே எடுக்கப் போனான்.

பின்பக்கம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற கூட்டாளி அனிஷ் கடலைப் பார்த்துக் கத்தினான்.

“ஏலே ஷிஜினே, எனக்கு இன்னைக்கும் சிவப்பாத்தாம்லே போவுது!”

“ஒனக்கு மட்டுமாலே? எனக்கும் அப்படித்தாம்லே.”

சிலுவைக்கு விளங்கிவிட்டது. அந்த மாத்திரை விழுங்கினால் மூத்திரம் சிவக்கும். முதல் தடவை அவனே பயந்துபோய் மனைவி செசிலியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

போட்டில் எல்லாம் பொது. பீடி, தைலம், காய்ச்சல் மாத்திரை எதுவானாலும் ஒருத்தன் பையில் இருந்தால் எல்லாருக்கும் உண்டு. எவனுக்கோ இருமல் வந்திருக்கும், எடுத்துத் தின்றிருப்பான். பார்த்தவனும் தின்றிருப்பான்.

இந்தக் காசநோய்ச் சளி மட்டும் என்றால் சிலுவை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருப்பான். அவனுக்கு எச்.ஐ.வி.யும் இருந்தது. அது ஊரில் செசிலிக்கு மட்டும் தெரியும்.

டாக்டரம்மா அவனுக்குப் புரியும்படிதான் சொல்லியிருந்தாள். காசநோய்க் கிருமியின் மேல் கொழுப்பு ஒட்டிய ஒரு புரதம் இருக்கிறது. உடம்பின் காவல் அணுவின் தோலில் அதைத் தடவிக் கண்டுபிடிக்கிற ஒரு வாங்கி இருக்கிறது. தட்டுப்பட்டதும் அணு சண்டைக்கு எழும்பும். எழும்புகிற அணுவுக்குள்ளேதான் மற்றது, அந்த எச்.ஐ.வி., ஒளிந்து கிடக்கிறது. வீட்டுக்காரன் அடுப்பு மூட்டினால் ஒளிந்திருப்பவன் அதே அடுப்பில் தனக்கும் சமைத்துக்கொள்வான், பெருகுவான். அதனால் முதலில் சளிக் கிருமியை ஒழிக்க வேண்டும். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

போட்டைத் திருப்பச் சொல்ல வேண்டும். ஐஸ் அறை பாதிகூட நிறையவில்லை. வெறும் சளிக்கு யார் திருப்புவார்கள்? மற்றதைச் சொன்னால் திருப்புவார்கள். அதற்குப் பிறகு அவன் ஊரான இனயத்தில் எந்தப் போட்டிலும் அவனை ஏற்றமாட்டார்கள். கடல் இல்லாமல் அவனுக்கு வேறு வேலை தெரியாது.

பெட்டியை மூடினான். பிறகு சூசையை உலுக்கி எழுப்பினான்.

எல்லாவற்றையும் சொன்னான். எச்.ஐ.வி. என்று சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினான். இன்ஜின் சத்தத்திலும் அனிஷுக்கும் ஷிஜினுக்கும் அது கேட்டுவிட்டது.

சூசை முகத்தில் கொஞ்சம் தண்ணீரை அடித்துக்கொண்டு சுக்கானைப் பிடித்தார். போட்டு கிழக்கே திரும்பியது.

சிலுவைக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

“இருமலுன்னா எனக்கிட்ட கேக்கப்பிடாதா? களவெடுத்தா திங்கணும்?”

“எவனுக்குலே இருமல்?” என்றான் அனிஷ்.

சூசை திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

“ஒனக்க சளி ஒட்டிருமோன்னு ஏறின அன்னைக்கே இவனுவளுக்குப் பயம். எல்லாரும் ஒரே தட்டுல கைவச்சுத் திங்கோம். ஒனக்கு மட்டும் தனித் தட்டு வைக்க எவனுக்கும் மனசு வரல்ல மக்கா. அதான் ஒனக்குத் தந்த அன்னைக்கெல்லாம் இவனுவளுக்கும் குடுத்தேன். நானும் முழுங்கினேன்.”

சளி இனிமேல் பிறருக்கு ஒட்டாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சிலுவை இவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. கேட்டால்தானே சொல்ல?

உச்சிப் பொழுதில் சோறு வந்தது. பெரிய தட்டை அனிஷ் நடுவில் வைத்தான். எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவரும் கை வைக்கவில்லை.

ஷிஜின்தான் வாயைத் திறந்தான்.

“அண்ணே, மத்த சூக்கேட்டுக்கும், அந்த எச்.ஐ.வி.க்கும் மாத்திரை உண்டா?”

“உண்டு. ஆனா அது ஒங்களுக்கு வேண்டாம். இது சோத்துல ஒட்டாது.”

“நல்லதாப் போச்சு” என்றான் ஷிஜின். மீனில் முள்ளை எடுத்துவிட்டு, சதையைச் சிலுவையின் பக்கம் தள்ளினான்.