மாமியின் மாபிள் மேசை

டிலக்சனுக்குத் தோள்மூட்டு இரண்டும் கழன்று விழும்போல் வலித்தன. விடியத் தொடங்கிய தேய்ப்பு இன்னும் முடியவில்லை. அடையாளம் அழிவதாயுமில்லை.

"நான் ஒரேயொரு வெட்டுத்தான் வெட்டினன் தனு. இப்பிடி ஆகுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

"வெட்டினது பிழையில்ல மச்சான். வெட்டிப்போட்டு அப்பிடியே போட்டுட்டுப் போனீங்களே, அதுதான் பிழை," என்றாள் அவன் மனைவி தனுஷியா, ஜன்னலோரம் காவல் நின்றபடி. "அம்மா வந்து கண்டாவெண்டா அடுத்த வெட்டு உங்களுக்குத்தான்."

வெட்டுப்பட்டது ஒரு தேசிக்காய். பாதியைத் தேத்தண்ணிக்குள் பிழிந்துவிட்டு, மற்றப் பாதியை மாமியின் மாபிள் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். வந்து பார்த்தால், மினுங்கிக் கிடந்த வெள்ளைக் கல்லில் மங்கலாய் ஒரு வட்டம்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறதே, கல்லுக்கு மட்டும் என்ன கேடு என்று ஒரு உருண்டைப் பழப்புளியை எடுத்துத் தேய்த்தான். வட்டம் ரொட்டியளவுக்குப் படர்ந்தது. அதற்குப் பிறகுதான் தனுஷியா போனில் தேடிப் பார்த்தாள்.

"மச்சான், மாபிளுக்குப் புளிப்பே ஆகாதாம். பட்ட இடமெல்லாம் மினுக்கத்தைத் திண்டு போடுமாம்."

அது லேசுப்பட்ட மேசையில்லை. அன்னப்பூரணி மாமி குவைத்தில் ஆரோ ஒருத்தியின் மாபிளைத் துடைத்துத் துடைத்துக் கைரேகை அழிந்து, ஊருக்கு வந்ததும் தனக்கென்று வாங்கியது. மகளுக்குச் சீதனமாய் வீட்டை எழுதினபோதே கறாராய்ச் சொல்லிவிட்டார்: "வீடு உங்களுக்கு மருமகன். மேசை எனக்கு."

சுடுசட்டி வைக்கக் கூடாது. கிளாசுக்குக் கீழே தட்டு வேண்டும். சிந்தினால் உடனே துணியால் ஒற்ற வேண்டும். குவாரியில் மலையையே வெடி வைத்துப் பிளக்கிற டிலக்சன், கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு கல்லுக்குப் பயந்து பக்கவாட்டில் நடந்து திரிந்தான்.

வந்த கிழமை கக்கூஸ் கொமட்டை உடைத்தான். அடுத்த கிழமை மோட்டர் சைக்கிளோடு கேற்றில் மோதினான். இன்றைக்குப் பின்னேரம் அவனுடைய அம்மாவும் அக்காவும் அத்தானும் வவுணதீவிலிருந்து முதன்முதலாய் விருந்துக்கு வருகிறார்கள். தயிர் வாங்கக் கிரானுக்குப் போயிருக்கிற மாமி, திரும்பி வந்து இதைக் கண்டு, அவர்கள் முன்னால் வாயைத் திறந்தால் அவன் மானம் வாவியில் மிதக்கும்.

"ஏறாவூரில மாபிள் மினுக்கிற ஆள் ஒருவர் இரிக்காராம். கடையில கேட்டு நம்பர் எடுத்து வரச்சொல்லிட்டன்," என்றாள் தனுஷியா.

ஹலீம் நானா வந்தார். மேசையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். பிரிஜ்ஜை இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளி, பின்னால் சுவரில் இருந்த பிளக்கில் மெசின் வயரைக் குத்தினார். அப்படியொரு பிளக் அங்கே இருக்கிறதென்று டிலக்சனுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"தேசிக்காயா, புளியா தம்பி?"

"ரெண்டும் நானா."

"உப்பையும் போட்டிருந்தா ஊறுகாயாகியிருக்கும்."

பொடியைத் தூவி, தண்ணீர் தெளித்து, மெசினை ஓடவிட்டார். வெள்ளைச் சேறு தெறித்து, மேசையைப் பிடித்துக்கொண்டிருந்த டிலக்சனின் மீசை ஒரு நொடியில் நரைத்தது. தனுஷியா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனையும் பிடித்துக்கொண்டது.

வட்டம் மங்கியது, சுருங்கியது, காணாமல் போனது. துடைத்துவிட்டுப் பார்த்தால் கல்லில் முகம் தெரிந்தது. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு, பைத்தியங்களைப்போல் மேசையைச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். மூன்றாம் சுற்றில் டிலக்சன் அப்படியே நின்றுவிட்டான்.

வாசலில் தயிர்ச் சட்டியோடு மாமி. காவல் நின்றவள் காவலை மறந்துபோனாள்.

"பிரிஜ் பழுதம்மா! பாக்க வந்தவர்!" என்று கத்தினாள் தனுஷியா.

"பிரிஜ் பழுதெண்டா மருமகனுக்கு ஏன் மீசை நரைச்சிருக்கு?"

மாமி வந்தவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. தயிர்ச் சட்டியை மகளின் கையில் திணித்துவிட்டு, மேசையோடு கன்னம் படக் குனிந்து பார்த்தார்.

"நடுவில மட்டும் கண்ணாடியா மினுங்குது. சுத்திவர அப்பிடியே கிடக்கு. என்னத்தை ஊத்தினீங்க மருமகன்?"

"தேசிக்காய் மாமி." மீசையைத் துடைத்தான். "மறுகா புளி."

"ஐயோ!" மாமி நெஞ்சில் ஒரு அடி அடித்தார். "வரட்டும் உங்கட அம்மா! மகனை வளத்த வளப்பை நல்லாக் கேக்கிறன். இத்தின வருசமா நானும் இந்த மேசையோடதான் மாரடிக்கிறன். என்ட கையால ஒரு சொட்டு விழுந்திருக்கா இதில? ஒரு பொட்டு? ஆராவது சொல்லுங்க பாப்பம்!"

டிலக்சன் நிலத்தைப் பார்த்தான். தனுஷியா தயிர்ச் சட்டியைப் பார்த்தாள். வயரைச் சுற்றிக்கொண்டிருந்த ஹலீம் நானா மட்டும் தலையை நிமிர்த்தினார்.

"அக்கா, போன முறை மினுக்கினதுக்கு ஒரு ஊர்க்கோழி இன்னும் தரணும்."