படத்தைக் கெடுத்த பெண்

“ஓடி வா லீலா! ஓடி வந்தாத்தான் ரயில் மாதிரி இருக்கும்!” என்று கோவிந்தசாமி பிளாட்பாரத்திலிருந்து கத்தினார்.

லீலா ஓடி வந்தாள். முட்டிவலியோடு ஓடி வருகிற இந்த மாத ரயில் அவர் மனைவிதான்.

சிங்கப்பூரின் புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்துக்கு ரயில் வந்து வருடக்கணக்காகிறது. தண்டவாளத்தில் ஒரு துண்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், கல்யாண ஜோடிகள் நின்று படம் எடுத்துக்கொள்ள. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கோவிந்தசாமி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய இடத்தைச் சுற்றிக் காட்டித் தமிழில் கதை சொல்லும் பாரம்பரிய நடை நடத்துகிறார். தலையில் ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி, சட்டையில் மைக். ரயில் ஓடிய காலத்தில் ஒரு நாளும் அதில் ஏறாதவர். பஸ்தான் வேகம் என்பார்.

ஓடி வந்த லீலா கையை நீட்டி, அவர் தூக்கிப் பிடித்திருந்த பிரம்பு வளையத்தைத் தோளில் வாங்கிக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது.

இதைத்தான் அந்தக் காலத்தில் ஓடும் ரயிலில் செய்தார்கள் என்று அவர் விளக்கினார். இருப்பதோ ஒற்றைத் தண்டவாளம். எதிரே இன்னொரு ரயில் வந்துவிடக் கூடாது. வளையம் யார் கையில் இருக்கிறதோ அவர் போகலாம். அது அடுத்த நிலையத்தில் போய்ச் சேரும்வரை மற்றவர்கள் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

லீலா மூச்சு வாங்கியபடி கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உள்ளே இரண்டு டிக்கெட். மத்தியானம் உட்லண்ட்ஸிலிருந்து எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்கு ரயில், அங்கிருந்து தங்கை ஊரான குளுவாங். நாளைக்கு அவள் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். நடை முடிந்ததும் கூட வருவதாகக் கோவிந்தசாமி வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளோடு அவர் ரயில் ஏறப்போவது இதுதான் முதல்தடவை. அந்த ஆசையில்தான் இந்த வயதில் ரயிலாக ஓடுகிறாள்.

கோவிந்தசாமி அடுத்துப் பெரிதாக்கிய ஒரு புகைப்படத்தைத் தூக்கிக் காட்டினார். ரயில் சேவையின் கடைசி நாளன்று, இதே பிளாட்பாரத்தில் நின்று அவரே எடுத்த படம்.

“சாயங்கால ரயில். என்னா வெளிச்சம்! சரியா அமுக்கப் போறேன், கதவுல ஒரு பொம்பளை தலைய நீட்டுது. உள்ள போன்னு நான் கைய வீசி வீசிக் காட்டுறேன், அது எனக்கு டாட்டா காட்டுது! படத்தையே கெடுத்துடுச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். எந்த மாதமும் இந்த இடத்தில் சிரிப்பு தவறியதில்லை.

கிளமெண்டியிலிருந்து வந்திருந்த நிரஞ்சனா என்ற பெண் மட்டும் படத்துக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தாள். முகத்தை முடி மறைத்திருந்தது. கை மட்டும் தெளிவாக இருந்தது.

“அங்கிள், இது ஆன்ட்டி மாதிரியே இருக்கு லா. வாட்ச்கூட அவங்க மாதிரி ரைட் ஹேண்ட்ல கட்டியிருக்காங்க.”

“அவளா? அவளுக்கு ரயில்னாலே ஆகாதும்மா. பஸ்லதான் போவா. அதோட, அவ இடது கையில கட்டுறவ.”

லீலா அப்போது வலது கையால் வளையத்தைப் பிடித்திருந்தாள். மணிக்கட்டில் வாட்ச் இருந்தது. அவர் திரும்பிப் பார்ப்பார் என்று கொஞ்ச நேரம் கையை இறக்காமல் நின்றாள்.

அவர் மைக்கைச் சரிசெய்துகொண்டு, மத்தியானமும் ஒரு நடை உண்டு, நண்பர்களைக் கூட்டி வாருங்கள் என்று அறிவித்தார்.

“மத்தியானம் நம்ம ரயிலுங்க” என்றாள் லீலா.

“அதெல்லாம் ஒரு ரயிலா? ஏறி உக்கார்றதுக்குள்ள ஜொகூர் வந்துடும். அடுத்த மாசம் போவோம் லா.”

நிச்சயதார்த்தத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லித் தங்கையிடம் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

லீலா கைப்பையை எடுத்துக்கொண்டு எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தாள்.

அந்தக் கடைசி நாளிலும் இப்படித்தான் கிளம்பினாள். அவரோடு சண்டை போட்டுவிட்டு, இனிமேல் திரும்பி வருவதில்லை என்ற முடிவோடு தஞ்சோங் பகாரில் ரயில் ஏறினாள். புக்கிட் தீமாவில் வளையம் மாற்றுவதற்காக ரயில் மெதுவாகப் போனபோது, பிளாட்பாரத்துக் கூட்டத்தில் அவரைப் பார்த்தாள். தன்னைத் தேடித்தான் ஓடி வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதவில் தொங்கிக்கொண்டு கையாட்டினாள். அவரும் கையை வீசி வீசிக் காட்டினார். திரும்பி வா என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, அழுதுகொண்டே குளுவாங் போய்ச் சேர்ந்தவள், அந்த வாரமே திரும்பி வந்தாள். அவர், குளுவாங் காப்பித்தூள் வாங்கி வந்தாயா என்று கேட்டார்.

அந்தக் கை எதற்கு வீசப்பட்டது என்பது அவர் நடத்திய முதல் நடையில், மைக் வழியாகத்தான் அவளுக்குத் தெரிய வந்தது. அன்றைக்குக் கூட்டத்தோடு சேர்ந்து அவளும் சிரித்துவைத்தாள்.

“லீலா! லீலா!”

அவள் திரும்பிப் பார்த்தாள். பிளாட்பாரத்து நுனியில் நின்று கோவிந்தசாமி கையை வீசி வீசிக் காட்டிக்கொண்டிருந்தார்.

“வளையம்! வளையத்தக் குடுத்துட்டுப் போ!”

லீலா அவருக்கு டாட்டா காட்டினாள். வலது கையால்தான். பிறகு வளையத்தைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு நடந்தாள்.