மேல் தட்டுத் துணி

மாவுக்கட்டுப் பிரித்த கால் சூம்பி, நிற்கவே நடுங்கியது.

"காலுக்குப் பயிற்சி சொல்லித்தர ஆளெல்லாம் வேண்டாம். முடியலைன்னா கடைய மூடிடறேன்" என்று மனைவியிடம் முறுக்கிக்கொண்டார் துணிக்கடைக்காரர்.

மறுநாளிலிருந்து ஒருத்தி தினமும் கடைக்கு வந்து உயிரை வாங்கினாள்.

"நீங்களே எடுத்துக் காட்டுங்கண்ணே, உங்க கை ராசி."

வந்த வாடிக்கையை விரட்டிப் பழக்கமில்லை அவருக்கு. முதலில் கீழ்த்தட்டு, பிறகு நடுத்தட்டு, இப்போது மேல் தட்டுக்கு ஏணி. ஒரு முழம்கூட அவள் வாங்கவில்லை.

அடுத்த பரிசோதனையில், "காலில சதை நல்லா ஏறியிருக்கே" என்ற டாக்டர், "பயிற்சி கொடுத்தவங்க பக்கத்து அறையிலதான் இருக்காங்க" என்றார்.

அங்கே அவள்!

"உங்க வீட்டம்மாதான் அனுப்பினாங்க. சரக்கு போனாத்தானே புதுசா இருப்பு வைப்பீங்க? தசையும் அப்படித்தாண்ணே, வேலை கொடுத்தாத்தான் தெம்பைச் சேர்த்துவைக்கும்."

கூட வந்திருந்த மனைவியைப் பார்த்தார், கண் கலங்கியது.

"நாளைக்கு வாம்மா. மேல் தட்டுத் துணி உனக்குத்தான். பேரம் மட்டும் பேசாதே, விலையே சொல்லமாட்டேன்."