கடைசி பட்டன்

மனைவிக்குத் தெரியாமல் அவர் ஓரிடத்துக்குக் கிளம்பியது, கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அக்கா மகளுக்குப் பிரசவம் என்று அவள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் சத்தமில்லாமல் போய்விட்டு வந்துவிட வேண்டும். முகத்தைக் கழுவினார், சட்டையை மாற்றினார். போனை எடுத்தார்.

தப்பாக நினைக்க வேண்டாம். மனிதர் கார் மெக்கானிக். அவர் போன் போட்டது நாலு வண்டி வைத்துப் பிழைக்கும் ஒரு டிராவல்ஸ்காரருக்கு.

இப்போதெல்லாம் பல கார்களில் ஹேண்ட் பிரேக்குக்குப் பிடித்து இழுக்கிற கம்பி கிடையாது, பட்டன்தான். அழுத்தினால் பின் பிரேக்கில் இருக்கும் குட்டி மோட்டார் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த பிரேக் பேடை மாற்றுவதற்கு முன்னால், வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனரைச் சொருகி, "பிடியை விடு" என்று மோட்டாருக்குச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும், "இனிமேல் பிடி" என்று மறக்காமல் சொல்லிவிட வேண்டும். மறந்தால் போச்சு. பட்டனை விரல் வலிக்க அழுத்தினாலும் ஹேண்ட் பிரேக் பிடிக்காது.

அவர் மறந்துவிட்டார்.

அதுவும் தற்செயலாகத்தான் தெரிந்தது. மத்தியானம் மனைவி போனில், "ஸ்கேனரைத் தொடாதீங்க. அப்படியே வைங்க, வந்து நானே சார்ஜ் போட்டுக்கறேன்" என்று சொல்லியிருந்தாள். அவளே அலைந்து திரிந்து வருவாள், இதையாவது நாம் செய்யலாமே என்று கையில் எடுத்தார். திரையில், 'முடிக்காத வேலை: ஒன்று' என்று இருந்தது. கீழே, காலையில் பேட் மாற்றிக் கொடுத்த டிராவல்ஸ்காரரின் வண்டி நம்பர்.

இத்தனைக்கும் இன்று காலைதான் காபி குடித்துக்கொண்டே மனைவியிடம் பீற்றிக்கொண்டிருந்தார். "நம்ம கையால செஞ்ச வண்டி ஒண்ணாவது குறைன்னு திரும்பி வந்திருக்கா, சொல்லு பார்க்கலாம்!" அவளும், "வந்ததே இல்லீங்க" என்று தோசைக் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தம்பி, வண்டி இப்ப எங்க இருக்கு?" என்று போனில் கேட்டார்.

"டிரைவர் சவாரி போயிருக்கான்ணே. ஆறு மணிக்கு வீட்டு முன்னாடி வந்து நின்னுடும். என்ன விஷயம்?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். பொய்தான் வந்தது. "ஒண்ணுமில்ல, வேலை செஞ்ச வண்டிக்கு ஒரு ஃப்ரீ செக்கப்."

"ஓ, அதுவா? வாங்கண்ணே. மஞ்ச விளக்கு எரியுதுன்னு டிரைவர் சொன்னான். சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும், பேசாம ஓட்டுடான்னு சொல்லிட்டேன்."

அதற்கு மேல் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மனிதர். இப்படி நம்புகிறவனிடமா பொய் சொன்னோம் என்று மெக்கானிக்குக் கூசியது.

டிராவல்ஸ்காரரின் வீடு நல்ல சரிவில் இருந்தது. சரிவு முடிகிற இடத்தில் ஒரு டியூஷன் சென்டர். ஆறு மணிக்குப் பிள்ளைகள் மொத்தமும் தெருவில்தான் நிற்கும். அதை நினைத்தபோதே ஸ்கூட்டரில் அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. கடவுளே, ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால் அப்புறம் நான் எதற்கு உயிரோடு இருக்க வேண்டும் என்று வாய்விட்டே புலம்பிக்கொண்டு போனார்.

போய்ச் சேர்ந்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. கீழே பிள்ளைகளின் கூச்சல். டிரைவர் புண்ணியவான், இறங்கும்போது கியரில் போட்டுவிட்டு இறங்கியிருந்தான். அது ஒன்றுதான் அந்த வண்டியை அங்கே பிடித்து வைத்திருந்தது.

சாவியை வாங்கி உள்ளே பாய்ந்து உட்கார்ந்தார். ஸ்கேனரைச் சொருகி, 'இனிமேல் பிடி' என்கிற கடைசி பட்டனை அழுத்தினார். பின்னால் இரண்டு பக்கமும் 'ர்ர்ர்' என்று மோட்டார் சுற்றிப் பிடித்தது. மஞ்சள் விளக்கு அணைந்தது. காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு மெதுவாக நியூட்ரலுக்கு மாற்றி, காலை எடுத்துப் பார்த்தார். இறங்கித் தோளைக் கொடுத்துத் தள்ளியும் பார்த்தார். அசையவில்லை. அப்படியே பானெட்டின் மேல் சாய்ந்து மூச்சு விட்டார். கண் கலங்கிவிட்டது.

சொல்லிவிடலாமா? 'தம்பி, நான் பண்ணினது கொலைபாதகத் தப்பு' என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிடலாமா? நெஞ்சு சொல்லச் சொன்னது. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை சறுக்கியதற்காகச் சேர்த்து வைத்த பெயரையெல்லாம் கொட்டிக் கவிழ்க்க வேண்டுமா? மனைவிக்கும் சொல்லப் போவதில்லை. தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள், பாவம். இந்தப் பாவம் என்னோடு போகட்டும் என்று முடிவு செய்தார்.

டிராவல்ஸ்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "எல்லாம் சரியா இருக்காண்ணே?"

"கல்லு மாதிரி நிக்குது தம்பி." முகத்தைப் பார்க்க முடியாமல் ஸ்கேனர் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்க்கறது நம்ம கடை வழக்கம்."

"அது தெரியாதாண்ணே?" என்று டிராவல்ஸ்காரர் சிரித்தார். "ஆனா நம்ம நாலு வண்டிக்கும் எப்பவும் சாயங்காலம் அண்ணிதானே இதைக் கொண்டுவந்து சொருகிட்டுப் போவாங்க?"